வெள்ளைமேல் வெள்ளை

அன்று காலை தங்கள் கடையின் பெயரை நெட்டில் தட்டினால் திருமலையின் கடை வந்தது.

தேவகிருபை மறுபடியும் தட்டினாள். எங்காவது எழுத்து விட்டுப்போயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தேவகிருபை ரோப் ஒர்க்ஸ், ராயபுரம். ஆங்கில எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன. முதல் வரியில் திருமலை மரைன் ஸ்டோர்ஸ் என்று வந்தது. அதற்குக் கீழே, தெற்கே ஏதோ ஒரு சபையின் பாடகர் குழுவில் இன்னொரு தேவகிருபை. அதற்கும் கீழே எதெதுவோ. அவர்களுடைய கடை முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. ஏழாவது பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"வருதா?" என்று கடைக்குப் பின்பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவன் வால்டர் கேட்டான்.

இரண்டு வருடமாகக் காலையில் அவன் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். பல் துலக்குவதற்கு முன்பே கேட்டுவிடுவான். மூணாவதா வருது, ஆறாவதா வருது, ரெண்டாம் பக்கம் போயிட்டுது என்று அவள் சொல்வாள். சொல்வதை வைத்து அன்றைக்கு முழுவதும் அவன் முகம் ஒரு மாதிரி இருக்கும்.

"இன்னும் நெட்டு கனெக்ட் ஆவல" என்றாள்.

பொய். எதற்காகச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஈரத்துணியை எடுத்து மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் நாட்களில் ராயபுரத்தில் எதைத் துடைத்தாலும் துணி கறுப்பாகும். கொடியில் காயும் சட்டை, தண்ணீர்க் குடத்தின் வாய், குழம்பின் மேல் நிற்கும் எண்ணெய், எல்லாவற்றிலும் பொடி விழும். போன வருடக் கடைசியில் கடல் தெருவுக்குள் வந்துபோன பிறகு கம்ப்யூட்டர் மேஜையின் கால்களுக்கு நான்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அதனால் அவள் முக்காலிமேல் ஏறித்தான் உட்கார வேண்டும்.

வால்டர் வாயில் நுரையோடு வந்து நின்றான்.

"அது இன்னா, திருமலைன்னு கீது?"

"தேடுனா அதான் வருது."

"இன்னாத்தத் தேடுன?"

"கடை பேரை."

அவன் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான். வாயைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான்.

"கடை பேரு உன் பேரு. உன் பேரைத் தட்டுனா அவன் இன்னாத்துக்கு வர்றான்?"

அவளிடம் இருந்த பதிலை அவனிடம் சொல்ல முடியாது.

*

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அவள் திருமலையின் கடையில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். பெரிய கடை. கப்பல்களுக்குக் கயிறு, சங்கிலி, பெயின்ட், விளக்கு எல்லாம் கொடுப்பவர்கள். வால்டர் அங்கே மணிலாக் கயிறு வாங்க வருவான். வாங்கிக்கொண்டு போய்க் கயிற்றேணியும் சரக்கு வலையும் பின்னி, கப்பல் ஏஜென்ட்டுகளுக்குக் கொடுப்பான். அவள் பில் அடிப்பாள். திருமலை கையெழுத்துப் போடுவான். வால்டர் அந்தத் தாள் காயும்வரைக்கும் எதிரே நிற்பான். அப்படி நின்று நின்றுதான் இந்தக் கல்யாணம் ஆனது. கல்யாணமானதும் அவள் பெயரையே கடைக்கு வைத்தான். போர்டில் அவள் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லிப் பெயின்டர் பக்கத்திலேயே நாள் முழுவதும் நின்றான்.

தொண்ணூற்று ஒன்பதில் தண்டையார்பேட்டையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, அவளே கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணினாள். ஆடுகிற நங்கூரம் ஒன்று மேலே. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் கீழே. வந்தவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு பதிவேடு. பண்ணி முடித்ததும் பதினான்கு இடங்களில் பாரம் நிரப்பிச் சேர்த்தாள். அந்தக் காலத்தில் தேடும் பக்கங்கள் அத்தனை இருந்தன. சிலவற்றில் மனிதர்களே உட்கார்ந்து படித்துவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று பதில் போடுவார்கள். விசாகப்பட்டினத்தில் வலைக் கடை வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதி, நீங்கள் எங்கள் பெயரைப் போடுங்கள், நாங்கள் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று பேசி வைத்தாள். ஹாலந்தில் ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் உலகத்து முடிச்சுகளை எல்லாம் படம்பிடித்துப் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். அவர் தானாகவே எழுதினார், உங்கள் ஏணியின் படிக்கட்டு முடிச்சு அழகாக இருக்கிறது என்று. அவர் பக்கத்திலிருந்து நான்கு கப்பல்காரர்கள் வந்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் அதிகாரி பதிவேட்டில் காட் பிளஸ் யூ என்று எழுதினார். வால்டர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினான்.

பிறகு ஒவ்வொருவராக அந்த வழியெல்லாம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தார்கள். வெறும் வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம். கல்மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெரினா அதற்கு ஒத்தப் பொட்டி என்று பெயர் வைத்தாள். அந்தப் பெட்டிக்குப் படம் புரியாது என்றார்கள். கிருபை நங்கூரத்தை எடுத்தாள். பெட்டிக்குப் பதிவேடு பிடிக்காது என்றார்கள். பதிவேட்டை எடுத்தாள். சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் ஏறும் என்றார்கள். கப்பல் கயிறு சென்னை, சென்னை கப்பல் கயிறு, சென்னையில் கப்பலுக்குக் கயிறு என்று ஒரு பத்தி எழுதினாள். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தபோது, புத்தி பேதலித்தவள் சொல்வதைப் போல இருந்தது.

அவளிடம் வெப்சைட் பண்ணச் சொன்ன தையல்காரரும் பல் டாக்டரும் முன்பெல்லாம், பூ விழுற மாதிரி வைம்மா என்பார்கள். இப்போது யாரும் பூ கேட்பதில்லை. மொதப் பக்கத்துல வருமா என்று மட்டும் கேட்டார்கள்.

*

பத்து மணிக்கு ஜெரினாவின் சென்டருக்குக் கிளம்பினாள். கடை வாசலில் சிலுவைமுத்து உட்கார்ந்து ஏணி பின்னிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கயிற்றின் புரிகளைப் பிரித்து, இரும்பு முள்ளால் வழி பண்ணி, ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுக்கும்போது பல்லைக் கடிப்பார்.

"எங்கம்மா, இந்த வெய்யில்ல?"

"ஜெரினா சென்டர் வரைக்கும் அண்ணே."

"வால்டரு மூஞ்சி சரியில்லியே. சண்டையா?"

"இல்லண்ணே."

"அப்ப கம்ப்யூட்டரா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் சிக்கல் என்று இவருக்கு எப்படித் தெரியும், நேற்று ராத்திரி யாரோடெல்லாம் பேசினாரோ என்று ஓர் எண்ணம் ஓடியது. அப்படி நினைத்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சென்டரில் கூட்டமில்லை. ஜெரினா ஹெட்போன்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சில கரி எறங்கிகீது?"

"கடையக் காணோம் ஜெரினா."

"எங்க காணோம்? இப்பதான அந்த வழியா வந்தேன். உங்க சிலுவைமுத்து கால நீட்டிகினு ஏணி பின்னிகினு கீறாரு."

"நெட்டுல காணோம்."

"அது போனா கடை போச்சா?"

"இப்ப அதான் கடை."

ஜெரினா மூன்று மெஷினிலும் தட்டிப் பார்த்தாள். மூன்றிலும் திருமலைதான் வந்தான். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கிருபையைப் பார்த்தாள்.

"கீழ இன்னாவாச்சும் ஒளிச்சி வெச்சிகீறியா?"

"இல்லியே."

"எங்கிட்டயே டபாய்க்காத."

முகவரியைத் தட்டிக் கடைப் பக்கத்தைத் திறந்து, ஜெரினா இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினாள். பக்கம் முழுவதும் நீலமானது. கீழே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில், நீலத்தின் மேல் வெள்ளை எழுத்துகள் வரிசை வரிசையாக மேலே வந்தன. திருமலை, திருமலை, திருமலை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக.

"யம்மாடி. இன்னாடி இது, ஜெபமாலை உருட்டி வெச்சிகீற!"

"அவன் பேரைத் தேடறவங்க நம்ம கடைக்கும் வரட்டும்னு போட்டேன். எல்லாரும் பண்றாங்க."

"பண்ணாங்க. இப்ப வெள்ளைமேல வெள்ளைல எழுதுனா பொட்டிக்காரன் தூக்கிடறான். எனுக்கு ஒரு மண்டபத்து சைட்டு அப்டித்தான் பூட்ச்சி. யாராச்சும் அவனுக்குப் புகார் எழுதிப் போட்டிருப்பாங்க. அதுக்குன்னே ஒரு பாரம் வெச்சிகீறானே."

"யாரு எழுதிப் போட்டிருப்பாங்க?"

"யாரு வேணா. பேரு கேக்க மாட்டான்."

ஜெரினா சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கிருபைக்குப் போன மாதம் காசிமேட்டு இறால் கம்பெனிக்காரர் நினைவுக்கு வந்தார். அவளிடம் வருவதாகச் சொல்லியிருந்தவர், கடைசியில் ஜெரினாவிடம் வெப்சைட் பண்ணிக்கொண்டார். பேரு கேக்க மாட்டான் என்பது ஜெரினாவுக்கு எப்படித் தெரியும்? நிரப்பிப் பார்த்தவளுக்குத்தானே தெரியும்?

"அவன் பக்கத்துல இன்னா கீதுன்னு பாப்பமா?" என்று ஜெரினா திருமலையின் பக்கத்தைத் திறந்தாள். வேண்டாம் என்று கிருபை சொல்வதற்குள் அழுத்திவிட்டாள்.

நீலத்தில் அவள் பெயர் வந்தது. தேவகிருபை, தேவகிருபை, தேவகிருபை.

"உன் பேரை வெச்சிகீறான்டி!"

"அப்டியா?" என்று கிருபை கேட்டாள். அன்றைக்கு அது மூன்றாவது பொய்.

ஆறு மாதத்துக்கு முன்பே பார்த்துவிட்டாள். வெள்ளையில் எழுதுவதை அவள் கற்றுக்கொண்டதே அங்கேதான். மவுஸ் தவறி இழுபட்டபோது அடியிலிருந்து தன் பெயர் எழுந்து வந்ததைப் பார்த்து, முக்காலியிலிருந்து இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஊரில் எல்லோரும் கிருபை என்று சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவன் திருமலை ஒருவன். மூன்று வருடத்தில் அவன் ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை. ஒரு சரியான வார்த்தையும் பேசியதில்லை. கடையின் பெயரைத்தானே போட்டிருக்கிறான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படியானால் ரோப் ஒர்க்ஸ் என்று ஏன் கூடவே போடவில்லை? தன் பெயர் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது? கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்தது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்போமே, அந்த அளவுக்குத்தான். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. மறுநாள் அவன் பெயரைத் தன் பக்கத்தின் அடியில் எழுதினாள்.

அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெறும் இடத்தில் மவுஸை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பல இடங்களில் ஏதாவது இருந்தது. கோயில் பக்கத்தில்கூட இருந்தது. வெள்ளை என்றால் ஒன்றுமில்லை என்று நம்ப முடியாமல் போயிற்று. ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கும்போதும், எதிர்வீட்டுக்காரி சும்மா சிரிக்கும்போதும், அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று மனம் இழுத்துப் பார்த்தது.

*

வால்டர் வருவதற்குள் எழுத்துகளை எடுத்துவிட வேண்டும் என்றுதான் வேகமாக வந்தாள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கடந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. சரி, வரும்போது வரட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். காரப்பொடி மீனை மண்சட்டியில் உரசிக் கழுவி, புளி கரைத்து, குழம்பு கொதிக்கும்போது கரண்ட் வந்தது. மீனைப் போட்டு இறக்கிவிட்டுப் போகலாம் என்று நின்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் வால்டர் சாப்பிட வந்துவிட்டான். வந்தவன் கை கழுவாமல் முக்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

அவனுக்குத் தெரிந்த பிரவுசர், நீல நிற இ எழுத்துப் படம் போட்ட பழையது ஒன்றுதான். அதைத் திறந்து, கடை முகவரியைத் தட்டி, பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. மவுஸைக் கயிறு பிடிப்பதைப் போலவே பிடிப்பான். அழுத்தியபடியே கீழே இழுத்தான்.

"கிருபே."

அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாமே."

திரை நீலமாக இருந்தது.

"இது இன்னாது?"

"அது… தேடற பொட்டிக்காகப் போட்டது. யாரோ அத்தப் புகார் எழுதிப் போட்டுதான் கடையத் தூக்கிட்டாங்கன்னு ஜெரினா சொல்றா."

"திருமலைன்னு கீது."

"ஆமா."

"எத்தினி தபா?"

"நாப்பது."

"எழுதி எழுதிப் பாத்துகினியா?"

"யோவ், அது மனுசன் படிக்கறதுக்கு இல்லய்யா."

"அப்ப யாரு படிக்கறதுக்கு?"

"மெஷினு. அது வந்து படிச்சிட்டுப் போவும். அவன் பேரைத் தட்டுனா நம்மளயும் காட்டும். நீதான சொன்ன, இன்னா பண்ணியாவது மொதப் பக்கத்துல கொண்டாந்து வைன்னு?"

"சொன்னேன். மறைச்சி வைன்னு சொன்னனா? வர்றவனுக்குத் தெரியாம, எனுக்குத் தெரியாம, வெள்ளை மேல வெள்ளைல… மெஷினுக்கு மட்டும் தெரியற மாதிரி இன்னாமே அப்டி ஒரு பேரு?"

வாசலில் சிலுவைமுத்து ஏணிக் கட்டையைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

வால்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இதுல எச் கீது. இதுல எச் இல்ல. இன்னாத்துக்கு?"

"ஜனங்க ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி தட்டுவாங்க. எல்லாத்தையும் போட்டாதான் வரும்."

"சரி. இத்த யாரு தட்டுவா?"

அவன் விரல் ஒரு சொல்லின் மேல் நின்றது. கடைசியில் வொய் போட்டு முடியும் திருமலை.

"வொய் போட்டு எவன் எழுதுவான்? போர்டுல அப்டி இல்ல. பில்லுல அச்சடிச்சதுல இல்ல. அவன் கையெழுத்துல மட்டும்தான் கீது. நீ பில்லு அடிப்ப. அவன் கையெழுத்துப் போடுவான். நான் வாங்கிகினு நிப்பேன். எனுக்குத் தெரியாதா?"

உண்மைதான். எந்தக் கப்பல்காரனும் அப்படித் தட்டப்போவதில்லை. எழுதிய அன்று விதம் விதமாக யோசித்துக்கொண்டே போனபோது, கை தானாக அதையும் அடித்தது. அடித்த பிறகு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று அவன் கேட்பதற்கு முன்பே அவள் தன்னைக் கேட்டிருந்தாள். பதில் கிடைத்திருந்தால் இப்போது சொல்லியிருப்பாள்.

"தெரியலய்யா" என்றாள்.

"தெரியலயா."

அவன் திருமலையின் முகவரியைத் தட்டினான். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக. பக்கம் திறந்ததும் அதே மாதிரி கீழே இழுத்தான். தேவகிருபை, தேவகிருபை, தேவகிருபை. போனை எடுத்தான். அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

"திருமலையா? வால்டர் பேசறேன். உன் பேஜ்ல எம் பொண்டாட்டி பேரு இன்னாத்துக்கு கீது?"

அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது. நிதானமான, வியாபாரக் குரல்.

"அது உங்க கடை பேருப்பா. வெப்சைட் பண்ற கம்பெனிக்காரங்க போட்டிருப்பாங்க. நான் பாத்ததுகூட இல்ல. எடுத்துடச் சொல்றேன்."

"எங்க கடையத் தூக்கச் சொல்லி எழுதிப் போட்டது நீயா?"

"நான் எதுக்குப்பா எழுதணும்? எனக்கு வேற வேலை இல்லியா?" பிறகு, "தேவகிருபை நல்லா இருக்குதா?"

வால்டர் போனை வைத்தான். சாப்பிடாமல் வாசலுக்குப் போய், சிலுவைமுத்துவின் எதிரே உட்கார்ந்து ஏணியின் மறு நுனியை எடுத்துக்கொண்டான். கட்டை தட்டும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. இந்த முறை இரண்டு கட்டைகள்.

"துண்ணுட்டு வாயேன்டா" என்று சிலுவைமுத்து சொன்னது கேட்டது.

"பசிக்கல நைனா."

"இன்னாடா பேஜாரு?"

"ஒண்ணும் இல்ல. உம் முடிச்சப் பாரு."

*

எழுத்துகளை எடுத்த பிறகு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஜெரினா போனில் சொன்னாள். அந்தக் கம்பெனிக்கு ஒரு பாரம் இருக்கிறது. என்ன தப்புப் பண்ணினோம் என்று சொல்லி, இனிமேல் பண்ண மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், யாராவது பார்ப்பார்களாம். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். பதிலும் வராது.

மறுநாள் மத்தியானம் கிருபை உட்கார்ந்து எழுதினாள். வால்டர் பின்னால் வந்து நின்றான்.

"தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடாத."

அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். "ஐயா, எங்கள் பக்கத்தில் வருகிறவர்கள் பார்க்க முடியாத எழுத்துகளை வைத்திருந்தேன்."

"உம்."

"போட்டியாளர் ஒருவரின் பெயரைப் பலமுறை எழுதியிருந்தேன்."

"போட்டியாளர்னா?"

"திருமலை."

"அப்ப திருமலைன்னே எழுது."

"பேரு கேக்கல அவங்க."

"சரி. அப்பால?"

"அது தவறு என்று இப்போது தெரிகிறது. அவற்றை நீக்கிவிட்டேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். இது ஒரு சிறிய குடும்பத்தின் தொழில். தயவுசெய்து எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

வால்டர் திரையை விரலால் சுட்டினான்.

"யாருன்னே தெரியாதவனுக்கு இம்மாம் பெரிசா எழுதற. மன்னிச்சிக்கோன்ற, சேத்துக்கோன்ற. எனுக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"உனுக்கு இன்னா சொல்லணும்? நான் இன்னா தப்பு பண்ணன்?"

"அவனுக்கு மட்டும் தப்புன்னு எழுதிகீற?"

அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். நன்றி என்று ஒரு வரி வந்து நின்றது.

அதற்குப் பிறகு காத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் விலை விசாரித்து வரும் மெயில்கள் நின்றுபோயின. பழைய ஏஜென்ட்டுகள் இரண்டு பேர் மட்டும் கூப்பிட்டார்கள். பின்னி முடித்த ஏணிகள் சுவரோரம் சுருண்டு கிடந்தன. அவற்றின் மேலும் கரிப்பொடி விழுந்தது. சிலுவைமுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர ஆரம்பித்தார். காலையில் வால்டர், "வருதா?" என்று கேட்பதை விட்டுவிட்டான். அந்தச் சொல்லை அவள் எதிர்பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவன் பேசாமல் அவளைத் தாண்டிப் போவான். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சொல்வதில்லை. திருமலையின் பக்கத்தில் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. பத்து நாளில் அவள் பெயர் அதன் அடியிலிருந்து காணாமல் போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் எடுத்தார்களா, அவனே உட்கார்ந்து எடுத்தானா என்று அவள் யோசித்தாள். யோசிப்பதை வால்டர் பார்த்துவிடுவானோ என்று திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கடை வந்துவிட்டது. எந்தத் தகவலும் இல்லை. தட்டினாள், முதல் வரியில் நின்றது.

அவள் வேலை செய்வது ஜெரினா கொடுத்த புதிய பிரவுசரில். ஒரு பக்கம் பண்ணினால், பழையதிலும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதனால் வெகு நாளைக்குப் பிறகு வால்டரின் நீல எழுத்தைத் திறந்தாள். ஒத்தப் பொட்டியில் கடைப் பெயரின் முதல் எழுத்தை அடித்தாள். உடனே கட்டத்துக்குக் கீழே ஒரு பட்டியல் இறங்கியது. அதில் முன்பு தட்டியதை எல்லாம் அந்தப் பெட்டி நினைவில் வைத்திருந்தது.

தேவகிருபை. தேவகிருபை போட்டோ. தேவகிருபை திருமலை. தேவகிருபை டைப்பிஸ்ட். தேவகிருபை திருமலை, வொய் போட்டு. எழுத்துப் பிழையோடு சில. அவள் கல்மண்டபத்துக்கும் மீன் வாங்கவும் போயிருந்த நேரங்களில், இந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டியிருக்கிறான். அவளைப் பற்றி அவளிடம் கேட்காததை எல்லாம் இதனிடம் கேட்டிருக்கிறான்.

கடைசியில் ஒன்று இருந்தது. தேவகிருபை வால்டர்.

அதை அமுக்கிப் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு பள்ளிக்கூடம். அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஆறு வருடமாக அவள் எழுதித் திருத்தி எழுதிய அந்தப் பக்கத்தில் வால்டர் என்ற பெயர் எங்குமே இல்லை. அவன் பெயரை யாரும் தேடப்போவதில்லை என்று அவள் போடவில்லை. நாற்பது தடவை திருமலை இருந்த இடத்தில் ஒரு தடவைகூட அவன் இல்லை.

பட்டியலை அழிக்க அவளுக்குத் தெரியும். அழித்தால், எதையோ மறைத்துவிட்டாள் என்பான். அழிக்காமல் விட்டாள். பக்கத்தைத் திறந்து அடியில் ஒரு வரி சேர்த்தாள். உரிமையாளர்: வால்டர். கறுப்பு எழுத்தில்.

மறுநாள் காலை அவன் பிரஷோடு அவளைத் தாண்டிப் போனபோது, "வந்துட்டுது" என்றாள்.

அவன் நின்றான். "மெய்யாலுமா?"

"நீயே தட்டிப் பாரு."

அவள் இறங்கி முக்காலியை விட்டாள். நீல எழுத்தைத் திறந்து வைத்திருந்தாள். வால்டர் ஏறி உட்கார்ந்து, டி எழுத்தைத் தேடி அழுத்தினான்.

பட்டியல் இறங்கியது.

தட்டும்போது அவன் திரையைப் பார்ப்பதில்லை, விசைகளைத்தான் பார்ப்பான். அதனால் அது அவ்வளவு நாளும் அவன் கண்ணில் பட்டிருக்காது. இப்போது அவள் பக்கத்தில் நின்று திரையைப் பார்ப்பதைக் கண்டு, அவனும் நிமிர்ந்து பார்த்தான். மேலிருந்து கீழே உதடு அசையப் படித்தான். பிரஷ் இன்னும் இடது கையில் இருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

"இது இன்னா இது?" என்று மெல்லக் கேட்டான்.

"நீ கேட்டதுதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மிச்ச எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது. அடிக்க அடிக்கப் பட்டியல் குறைந்துகொண்டே வந்து மறைந்தது. எண்டரை அழுத்தினான். முதல் வரியில் கடை நின்றது.

"வருது" என்றான்.

கடைப் பக்கத்தைத் திறந்தான். ஏணி, வலை, போன் நம்பர். கீழே வந்தான். கடைசி வரியில் தன் பெயரைப் பார்த்ததும் விரல் நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்தான். முகத்தில் ஏதோ இளகியதைப் போல அவளுக்குத் தோன்றியது.

பிறகு மவுஸை இறுகப் பிடித்து, தன் பெயருக்கு மேலிருந்து வெறும் இடத்தின் கடைசிவரைக்கும் இழுத்தான்.

அவன் பெயர் மட்டும் நீலமானது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

மறுபடியும் இழுத்தான். கிருபையும் குனிந்து பார்த்தாள்.